அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்துக் கூட்டுச் சேராதீர்கள்

2017-இல் இராமேஸ்வரம் தீவில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து, தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில்கள், 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் மறுபடியும் தீவுக்குள் வரத் தொடங்கின. இவற்றுக்குப் பிறகு இராமேஸ்வரத்திலும், பாலத்துக்கு இப்பால் அரியமான், தேவிபட்டினம், ஏர்வாடிக் கரைகளிலும் விடுதி, உணவகம், வேன், படகு என்று தொழில் தொடங்க விரும்புவோர் பெருகியிருக்கிறார்கள். நிலம் உள்ளூராரிடமும், முதலீட்டுப் பணம் வெளியூராரிடமோ வளைகுடாவிலிருந்து திரும்பியவரிடமோ, அனுபவம் மூன்றாமவரிடமும் இருப்பதால் இவர்களில் பலர் கூட்டாகவே தொடங்குகிறார்கள். கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருக்கும் நான், இத்தகைய கூட்டுகள் சேர்வதையும் பிரிவதையும் அருகிலிருந்து பார்த்துவருகிறேன். பிரிந்து வருகிறவர்கள் ஒருவர்மீது ஒருவர் மோசடிக் குற்றம் சுமத்தினாலும், கணக்கு ஏடுகளைப் புரட்டினால், தொடக்கத்தில் பேசாமல் விட்ட விஷயங்களே அதிகம் கண்ணில் படுகின்றன.

முதலில் வருமானம். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் அறை கிடைக்காமல் பக்தர்கள் அலைவதைப் பார்த்து, அன்றைய வாடகையை முப்பதால் பெருக்கி மாத வருமானம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் நாள்களும் அந்தத் தாளில் இருப்பதில்லை. ஆகவே பங்குதாரராக வர விரும்புகிறவரிடம், அறைகள் காலியாகக் கிடக்கும் மாதங்களில் சம்பளம், மின்கட்டணம், வங்கித் தவணை ஆகியவற்றுக்கு யார், எவ்வளவு வரை கையிலிருந்து போடுவது என்று கேளுங்கள். தொகையைச் சொல்லிப் பதில் தருகிறவரோடு மட்டும் மேற்கொண்டு பேசுவது நல்லது. இலாபத்தில் எத்தனை சதவீதம் என்ற பேச்சு அதற்குப் பின்னால் வரட்டும்.

அடுத்தது உழைப்பின் கூலி. பெரும்பாலான பிளவுகள் இங்கேதான் தொடங்குகின்றன. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை பங்குதாரர்கள் இலாப நட்டத்தைச் சமமாகவே பகிர்ந்துகொள்ள வேண்டும். தொழிலைக் கவனித்துக்கொள்வதற்காக எவரும் சம்பளம் கேட்க முடியாது. நள்ளிரவு ரயிலில் வருகிறவருக்குக் கதவு திறந்து, விடியுமுன் தீர்த்தமாட அனுப்பிவைக்கும் வொர்க்கிங் பார்ட்னரும், சென்னையிலிருந்தபடி கைப்பேசியில் வசூலை மட்டும் பார்க்கும் பங்குதாரரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. முதல் வருடம் நட்பின் பேரில் உழைக்கிறவர், இரண்டாம் வருடம் கல்லாவிலிருந்து சிறுகச் சிறுக எடுக்கத் தொடங்குகிறார்; மற்றவர் அதைத் திருட்டு என்கிறார். மாதச் சம்பளத்தைக் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தால் இந்தச் சொல்லே எழுந்திருக்காது.

பத்திரம் எழுதினால் மட்டும் போதாது. கூட்டைப் பதிவு செய்வது கட்டாயமல்ல என்பது உண்மைதான். ஆனால் பதிவில்லாத கூட்டின் பங்குதாரர், ஒப்பந்தப்படி தமக்குரியதைக் கேட்டு மற்றப் பங்குதாரர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும், அதன் சொத்தை மீட்கவும் மட்டுமே அவருக்கு வழியுண்டு.

நிலம் தருகிறவர் அதைக் கூட்டின் சொத்தாகவே தருகிறாரா, குத்தகைக்கு விடுகிறாரா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் பதிவும் வேண்டும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருப்பதோடு நிறுத்திவிடாமல், அந்தப் புல எண், கடலையொட்டிய கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதிகளைக் காட்டும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்பதையும் முன்பணம் கொடுக்குமுன் பார்த்துவிடுங்கள். கடல் தெரியும் மனைக்குக் கூடுதல் விலை கேட்கிறவர், அங்கே கட்டிடம் கட்ட முடியுமா என்பதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

படகுக் கூட்டில் இன்னும் கவனம் தேவை. மீன்பிடிப்புக்கெனப் பதிந்த படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்ற அந்தப் பதிவு இடம் தராது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக இருப்பதால், வனத்துறை அனுமதியின்றி அங்கே கால் வைக்கவும் முடியாது. “தீவுக்குக் கூட்டிப் போய்விடலாம், எல்லாரையும் தெரியும்” என்று ஒரு பங்குதாரர் சொன்னால், அந்தத் தெரிந்தவர்களின் கையெழுத்திட்ட அனுமதியைக் கேளுங்கள். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவரோடு நிற்காது. கூட்டின் கடனுக்கும் இழப்புக்கும் ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாளி என்பதால், உங்கள் சொந்த வீடு வரை அது வரலாம். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான வரம்புக்குட்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையில் இந்த அச்சம் பெருமளவு குறையும். தொழில் நடக்காத ஆண்டிலும் அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும் என்பது அதன் விலை.

கடைசியாக, விலகும் வழி. இருவர் மட்டுமே உள்ள கூட்டில் ஒருவர் இறந்தால் கூட்டே முடிந்துவிடும். மூவரோ அதற்கு மேலோ இருந்தாலும், தொடர்ந்து நடத்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அது கலையும். விலகுகிறவர் கூட்டுகளின் பதிவாளருக்கு அறிவித்து, அரசிதழிலும் உள்ளூர் நாளிதழிலும் விளம்பரம் தராதவரை, அவர் போனபின் வாங்கிய கடனுக்கும் அவரைக் கேட்கலாம். அறை முன்பதிவுத் தளங்களிலும் கூகுள் வரைபடத்திலும் விடுதியின் பெயர் யாருடைய கைப்பேசி எண்ணில் பதிந்திருக்கிறது என்பதையும் இப்போது பத்திரத்திலேயே எழுதச் சொல்கிறேன். பிரிந்து போனவரின் எண்ணுக்கே விருந்தினர்களின் அழைப்புகள் போய்க்கொண்டிருந்த விடுதி ஒன்றின் கணக்கு இன்னும் என் மேசையில் தீராமல் கிடக்கிறது.