யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள்? கிறிஸ்தவ நாவல் பரிந்துரைக்கும் முன்

"நல்ல கிறிஸ்தவ நாவலா ஒண்ணு சொல்லுங்க" என்று நூலக மேசையில் கேட்பவர்களில் பலர் தமக்காகக் கேட்பதில்லை. பதினான்கு வயது மகளுக்கு, கணவரைப் பறிகொடுத்த அக்காவுக்கு, திருமணம் நிச்சயமான தோழிக்கு. வாங்குகிறவர் பார்ப்பது அட்டையைத்தான்: நீளப் பாவாடை கட்டிய பெண், பின்னால் கோதுமை வயல், மூலையில் தெரிந்த பதிப்பகத்தின் சின்னம். கெட்ட வார்த்தை இருக்காது, கடைசியில் ஜெபம் இருக்கும், பிறகென்ன என்று எடுத்துவிடுகிறார். அந்தச் சின்னம் நடையைப் பற்றி ஓரளவு சொல்லும். கதைக்குள் யாருக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லாது.

இதற்குச் சரியான உதாரணம் ஃபிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்'. கிறிஸ்தவக் காதல் நாவல்கள் என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் பெயர். ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850களின் கலிஃபோர்னியாவுக்கு, தங்கம் தேடி ஜனங்கள் குவிந்த காலத்துக்குக் கொண்டுபோகிறது. வேதத்தில் ஓசியா, தனக்குத் துரோகம் செய்த மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசுக்கும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமைக்கும் திரும்பக் கொள்கிறார். நாவலில் மைக்கேல் ஹோசியா என்ற விவசாயி, ஏஞ்சல் என்று அழைக்கப்படும் பெண்ணை விபசார விடுதியிலிருந்து மணந்து அழைத்து வருகிறான். அவள் ஓடிப் போகிறாள், அவன் தேடிப் போகிறான். இது ஒரு முறையோடு நிற்பதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது கதையின் தொடக்கம். ஏஞ்சல் சிறுமியாக இருக்கும்போதே விற்கப்படுகிறாள். சிறுவர் மீதான பாலியல் கொடுமை ஒரு வரியில் சொல்லிக் கடக்கப்படுவதில்லை. நாவல் முழுக்க அதன் வடு ஓடுகிறது. 1991இல் இது ஒரு பொதுப் பதிப்பகத்தின் வழியாக வந்தது. ஆசிரியரே திருத்திய பதிப்பைக் கிறிஸ்தவப் பதிப்பகமான மல்ட்னோமா 1997இல் வெளியிட்டது. பழைய பிரதிகளும் கைமாறி வருவதால், பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பி எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருத்திய பதிப்பும் பெரியவர்களுக்கானதுதான். இதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கலாமா என்றால், கூடாது என்றே சொல்வேன். பதினெட்டு தாண்டியவரானாலும், அவர் வாழ்க்கையில் இப்படியொரு காயம் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், கதையின் தொடக்கம் இன்னதென்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாதது. இந்தக் கதையில் பொறுமையாகக் காத்திருப்பது கணவன். அவன் அடிப்பவன் அல்ல. ஆனால் வீட்டில் அடி வாங்கும் பெண் இதைப் படிக்கும்போது, காத்திருப்பவனின் இடத்தில் தன்னை வைத்துக்கொள்கிறாள். 'நானும் இப்படி நேசித்தால் அவர் மாறிவிடுவார்' என்ற முடிவுக்கு வருகிறாள். நாவல் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் வாசிப்பு அங்கேதான் போய் நிற்கிறது. கல்யாண வாழ்க்கை சரியில்லை என்று சொல்லி ஒருவர் நாவல் கேட்டால், முதலில் அவருக்குத் தேவை பாதுகாப்பான இடமும் விஷயம் தெரிந்த ஆலோசகரும். புத்தகம் அப்புறம்.

இளையவர்களுக்கு மென்மையான காதல் கதை வேண்டுமென்றால் ஜேனட் ஓக்கின் 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' இன்றும் பொருத்தமானது. 1979இல் வந்தது, தொடரில் மொத்தம் எட்டு நாவல்கள். மேற்கே குடிபோகும் வழியில் கணவனை இழக்கும் மார்ட்டி வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறாள். கிளார்க் என்பவன் தன் சிறு மகள் மிஸ்ஸிக்குத் தாய் வேண்டுமென்று பெயரளவுக்கு மணம் கேட்கிறான். ஊர் திரும்ப விரும்பினால் வசந்த காலத்தில் வழிச்செலவு தருகிறேன், மிஸ்ஸியையும் கூட்டிப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். கல்யாணம் முதலில், காதல் பிறகு. படுக்கையறைக் காட்சி கிடையாது, மொழியும் எளிது. ஆனால் கணவரை அடக்கம் செய்த கையோடு மறுமணப் பேச்சு வந்துவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். அண்மையில் துணையை இழந்தவருக்கு 'ஆறுதலாக இருக்கும்' என்று கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் உண்டு. துக்கம் பச்சையாக இருக்கும்போது அந்த முதல் அத்தியாயம் அறைவது போல இருக்கும். தொடரை வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் நூல்கள் அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகின்றன. திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நூலைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமாகலாம், நிகழ்ச்சிகளை நிறைய மாற்றியிருக்கிறார்கள்.

சரித்திர நாவல்களில் சிக்கல் வேறு மாதிரி. லூ வாலஸின் 'பென்-ஹர்' (1880) எட்டுப் பாகங்கள் கொண்டது. முதல் பாகம் முழுக்க, நட்சத்திரம் பார்த்து வந்த சாஸ்திரிகளின் பயணமும் இயேசுவின் பிறப்பும்தான். கதாநாயகன் யூதா பென்-ஹர் இரண்டாம் பாகத்தில்தான் வருகிறான். 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தேர்ப் பந்தயத்தை நினைத்துக்கொண்டு உட்காருபவர் முதல் பாகத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார். பந்தயம் ஐந்தாம் பாகத்தின் இறுதிப் பகுதியில் இருக்கிறது. குழுவாகப் படித்தால் வாரம் ஒரு பாகம், நீளமான நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இரண்டிரண்டு வாரம் என்று பத்து வாரத்தில் முடிக்கலாம். அதுவும் முடியாதவருக்கு, இரண்டாம் பாகத்தில் தொடங்கி, பிறகு முதல் பாகத்துக்கு வரச் சொல்வதில் தவறில்லை. கடைகளில் கிடைக்கும் மெல்லிய பதிப்புகள் பெரும்பாலும் சுருக்கப் பதிப்புகள். தலைப்புப் பக்கத்தில் அது சிறிய எழுத்தில் இருக்கும்.

லாயிட் டக்ளஸின் 'தி ரோப்' (1942), சிலுவையடியில் போர்ச்சேவகர் சீட்டுப்போட்ட இயேசுவின் அங்கியைப் பற்றியது. யோவான் 19ஆம் அதிகாரத்தில் அதற்கு இரண்டே வசனங்கள். அங்கியை வென்ற மார்செலஸ், அவன் அடிமை டெமெட்ரியஸ், நடக்க முடியாத கால்கள் குணமாகாமலே பாடத் தொடங்கும் மிரியாம் எல்லாரும் கற்பனை. ஹென்றிக் ஷெங்கியேவிச்சின் 'குவோ வாடிஸ்' நாவலுக்குப் பெயர் தந்த சம்பவம், ரோமை விட்டுப் போகும் பேதுரு வழியில் ஆண்டவரைச் சந்திப்பது, வேதத்தில் இல்லை. ஆதித் திருச்சபைப் பாரம்பரியக் கதை அது. அழகான கதைதான். ஆனால் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் நாவலில் படித்ததை வசனமாகச் சொல்லிவிடும் ஆபத்து இங்கேதான். வேத காலத்து நாவல் எதைக் கையில் எடுத்தாலும் பக்கத்தில் வேதாகமத்தைத் திறந்து வையுங்கள். 'குவோ வாடிஸ்' பற்றி இன்னொன்று: ரோமப் பேரரசன் நீரோவின் விருந்தில் குடித்துவிட்டு கதாநாயகி லிகியாவிடம் அத்துமீறுபவன் வேறு யாருமல்ல, கதாநாயகன் வினிசியஸ்தான். அரங்கத்தில் கிறிஸ்தவர்கள் சாகும் பக்கங்களும் நீளம், கொடூரம்.

ரிவர்ஸின் 'மார்க் ஆஃப் தி லயன்' முத்தொகுப்பு கி.பி. 70இல் எருசலேம் விழுந்தபின் அடிமையாக ரோமுக்குப் போகும் ஹதஸ்ஸாவின் கதை. முதல் இரண்டு நூல்களையும் சேர்த்தே வாங்குங்கள். முதல் நூல் நிற்கும் இடத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

குடும்பக் கதையில் கனமானது வேண்டுமென்றால் சிக்ரிட் உண்ட்செட்டின் 'கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்டாட்டர்'. 1920 முதல் 1922 வரை மூன்று தொகுதிகள், களம் பதினான்காம் நூற்றாண்டு நார்வே. தகப்பன் சொல் மீறிக் காதலித்தவனை மணக்கிறாள் ஒரு பெண். அதற்குப் பின்வரும் கல்யாண வாழ்க்கை, பிள்ளைகள், பாவ உணர்வு எதையும் ஆசிரியர் ஒளிப்பதில்லை. காதல் நாவல்கள் கல்யாணத்தோடு முடிவதில் சலிப்படைந்தவருக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். ஆங்கிலத்தில் படிப்பவர் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்க்க வேண்டும். சார்ல்ஸ் ஆர்ச்சரின் பழைய மொழிபெயர்ப்பு வேண்டுமென்றே பழமையான நடையில் போகிறது, சில பகுதிகளும் விடுபட்டவை. டீனா நன்னலியின் மொழிபெயர்ப்பு தெளிவானது, விடுபட்டதையும் சேர்த்தது. பலர் நூறு பக்கத்தில் நிறுத்திவிடுவதற்குக் காரணம் நாவல் அல்ல, பழைய நடைதான்.

மரிலின் ராபின்சனின் 'கிலியட்' (2004) 1956இல் எழுபத்தாறு வயதுப் போதகர் ஒருவர் தம் ஏழு வயது மகனுக்கு எழுதும் கடிதம். அத்தியாயப் பிரிவே கிடையாது. வேகமான கதை கேட்பவரிடம் கொடுத்தால் இரண்டே நாளில் திரும்பி வரும். வயதான தகப்பனோடு பேச்சு நின்றுபோன ஒருவர் கேட்டால் தயங்காமல் கொடுங்கள், திருப்பித் தரும் தேதியையும் கொஞ்சம் தள்ளியே போடுங்கள்.