எழுதாமல் போனவர்களின் மதிப்பெண்

கோட்டையூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “ஸ்டார் வார்ஸ் வரிசையில் 2017-இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடை’ படத்துக்கு, விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்கள் பக்கம் 91 சதவீதம். ரசிகர்கள் பக்கம் நாற்பத்துச் சொச்சம். 2019-இல் வந்த அடுத்த பாகம் ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ அப்படியே தலைகீழ். விமர்சகர்கள் ஐம்பதைத் தாண்டவே திணறினார்கள், ரசிகர்கள் 86. யாருக்கு சார் ரசனை இல்லை?”

இரண்டு பேருக்கும் இருக்கிறது அம்மா. ரசனைச் சண்டைக்குள் இறங்குவதற்கு முன்னால் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்துவிடுவோம். எனக்கு அந்தக் கதைதான் படங்களைவிடச் சுவையாக இருக்கிறது.

முதலில் சதவீதம். 91 என்றால் நூற்றுக்கு 91 மதிப்பெண் அல்ல. எழுதிய விமர்சகர்களில் நூற்றுக்கு 91 பேர் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்ற பக்கம் நின்றார்கள் என்று மட்டுமே பொருள். பத்து விமர்சகர்கள் ஆளுக்கு 6 மதிப்பெண் போட்ட படம் 100 சதவீதம் வாங்கும். ஆறு பேர் பத்துக்குப் பத்தும் நாலு பேர் 4-உம் போட்ட படம் 60 சதவீதம்தான் வாங்கும். சராசரி எடுத்தால் முதல் படம் 6, இரண்டாவது 7.6. யாரையும் உறுத்தாத படம் சதவீதத்தில் ஜெயித்துவிடும். ரசிகர்கள் பக்கமும் இதே முறைதான், ஐந்து நட்சத்திரத்தில் மூன்றரையும் அதற்கு மேலும் போட்டவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. சரி, இது பள்ளிக்கூடக் கணக்கு, இதோடு விட்டுவிடலாம்.

நீங்கள் பார்க்காத மூன்றாவது எண் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் 1970-களின் இறுதியிலிருந்து ஒரு வேலை செய்துவருகிறது. படம் வெளியாகும் நாளில் தியேட்டருக்கு வந்தவர்களிடம் அட்டையைக் கொடுத்து ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை கிரேடு போடச் சொல்லும். அங்கே லாஸ்ட் ஜெடைக்குக் கிடைத்தது ‘ஏ’. ஸ்கைவாக்கருக்குக் கிடைத்தது ‘பி பிளஸ்’. தளத்தில் ரசிகர்கள் தூக்கிவைத்த படம் தியேட்டர் வாசலில் கீழே நிற்கிறது, தளத்தில் மிதிபட்ட படம் மேலே நிற்கிறது! இரண்டு இடத்திலும் கேட்டது பொதுஜனத்தைத்தான். பிறகு எப்படி?

சில வருஷங்களுக்கு முன்னால் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் இதற்கு விடை பார்த்தேன். இரண்டாங்கட்டில் பந்தி நடந்தது. கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி எல்லாம் உண்டு. முதல் பந்தி எழுந்ததும் இரண்டு பேர் அடுப்படிக்கு வந்தார்கள். ஒருவர் சமையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “கவுனி அரிசி எங்க ஆயா கைப்பக்குவம்யா” என்று கண் கலங்கினார். இன்னொருவர், “கந்தரப்பம் உள்ளே மாவா இருக்கு, பேரைக் கெடுத்துட்டீங்களே” என்று சத்தம் போட்டார். சமையல்காரர் இருவருக்கும் தலையாட்டிவிட்டு நேராகப் பந்திக்குப் போனார். இலை எடுக்க வந்தவர்களை, “செத்த பொறுங்க ஆச்சி” என்று நிறுத்தினார். முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை குனிந்து பார்த்தபடி நடந்தார். கடித்து வைத்த கந்தரப்பம் எத்தனை, தொடாமலே கிடப்பது எத்தனை, கவுனி அரிசியை விரலால் வழித்துத் துடைத்த இலை எத்தனை. அறுபது இலைகளில் எட்டில் கந்தரப்பம் பாதியாகக் கிடந்தது. கடித்த இடத்தில் நடுப்பகுதி வெளுத்து ஈரமாக இருந்ததை நானும் குனிந்து பார்த்தேன். அடுத்த பந்திக்கு எண்ணெய்ச் சூட்டைக் கொஞ்சம் தணிக்கச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த அறுபது பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் ஒரு வார்த்தை பேசாமல் கை கழுவிக்கொண்டு போனவர்கள். இலையைப் பார்த்ததால் அவர்களுடைய கருத்தும் கணக்கில் வந்தது. அடுப்படிக்குத் தேடி வந்த இரண்டு பேரை மட்டும் நம்பியிருந்தால், பந்தியில் பாதிப் பேர் உருகினார்கள், பாதிப் பேர் கொதித்தார்கள் என்றுதான் ஆகியிருக்கும்.

இதையே எண்ணில் போட்டுப் பாருங்கள். ஒரு படத்தை 1,000 பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 800 பேருக்குப் பிடித்திருக்கிறது, 200 பேருக்கு ஏமாற்றம். பிடித்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். நூற்றுக்கு 2 பேர்தான் தளத்தைத் திறந்து மதிப்பெண் போடுவார்கள். ஆக 16 பேர். ஏமாந்தவருக்குத் தூக்கம் வராது. நூற்றுக்கு 12 பேர் போடுவார்கள், ஆக 24 பேர். மொத்தம் 40 ஓட்டில் 16 ஆதரவு. நூற்றுக்கு 80 பேருக்குப் பிடித்த படம் தளத்தில் 40 சதவீதமாக வந்து நிற்கிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை. யார் வாய் திறப்பார்கள் என்ற ஒரே வேறுபாடுதான் எண்ணைப் பாதியாக்கியது. 2-உம் 12-உம் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் எந்த எண்ணை வைத்துப் பார்த்தாலும் இரண்டு வீதமும் சமமாக இல்லாதவரை விடை சாய்ந்துதான் வரும்.

‘நிறையப் பேர் ஓட்டுப் போட்டால் சரியாகிவிடாதா?’ என்று தோன்றும். ஆகாது. ஆயிரத்தைப் பத்து லட்சமாக்குங்கள், 16,000-உம் 24,000-உம் வரும், அதே 40 சதவீதம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை, யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அச்சிட்டது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். சுமார் 50,000 பேரை மட்டும் கேட்ட ‘காலப்’ கருத்துக்கணிப்பு நிறுவனம் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லியிருந்தது. தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பிடித்து அனுப்பியது ஒரு தவறு. அதோடு, அட்டையைத் திருப்பி அனுப்பும் சிரமத்தை எடுத்துக்கொண்டவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல என்பதும் சேர்ந்துகொண்டது. எனக்கு இந்தக் கதை ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும். இருபது லட்சம் குரல்கள் ஒன்றாகச் சேர்ந்து தவறாகச் சொல்லியிருக்கின்றன!

இப்போது விமர்சகரைப் பாருங்கள். படம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏன், ஒன்றுமே தோன்றாவிட்டாலும் அவர் எழுதியாக வேண்டும், அது அவர் பிழைப்பு. அந்தக் கூட்டத்தில் மௌனமாக எழுந்து போகிறவர் அநேகமாகக் கிடையாது. அவருடைய ரசனை நம் ரசனையா என்பது வேறு கேள்வி. வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் பார்க்கிறவருக்குப் பழகிய கதையை உடைக்கிற படம் பிடிப்பதில் வியப்பில்லை. நாற்பது வருஷமாக அந்த வரிசையின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரை மனதில் வைத்திருக்கிற ரசிகருக்கு அதே உடைப்பு வலிக்கும்.

இந்த வலியால்தான் தொடர் படங்களில் பள்ளம் இன்னும் ஆழமாகிறது. முதல் பாகத்துக்குப் போகும்போது யாரும் எதையும் சுமந்துகொண்டு போவதில்லை. பாகம் ஏற ஏற, ஒரு கூட்டத்துக்கு ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்ற எண்ணம் இறுகுகிறது. அவர்கள் ஏமாறும்போது நூற்றுக்கு 12 என்ற வீதம் 20 ஆகும், 30 ஆகும். சும்மா பொழுதுபோக்க வந்தவரின் 2 மட்டும் அப்படியே இருக்கும். அந்த ஏமாற்றம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எத்தனை பேருடையது என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். சினிமாஸ்கோரும் முழு உண்மை அல்ல. முதல் நாளே ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள்.

ஸ்கைவாக்கரின் 86-க்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 மே மாதம் ராட்டன் டொமேட்டோஸ் தன் முறையையே மாற்றி, டிக்கெட் வாங்கியதற்குச் சான்று உள்ளவர்களின் மதிப்பெண்ணை முன்னால் வைக்கத் தொடங்கியது. 2017-இன் எண்ணையும் 2019-இன் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, ஒரு மூட்டையைப் படியாலும் இன்னொன்றை மரக்காலாலும் அளந்துவிட்டு எண்ணை மட்டும் ஒப்பிடுவது போல.

‘ரெண்டாம் பாகம்னாலே ராசியில்லை’ என்று நம்மூரில் சொல்வார்கள். ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியிலேயே ஸ்டுடியோ போட்டு 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தைக் கொடுத்த மண் இது, சினிமா சென்டிமென்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதில் ராசி எங்கிருந்து வந்தது? ஒரு படம் பிரமாதமாக ஓடத் திறமையும் வேண்டும், நேரமும் கூடி வர வேண்டும். இரண்டும் சேர்ந்த படத்துக்குத்தான் இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். திறமை மறுபடி வரும், கூடி வந்த நேரம் மறுபடி வர வேண்டும் என்று கட்டாயமில்லை. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்று இறங்குவதை 1886-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் காட்டினாரே, அதே சங்கதி. பூசணிக்காய் உடைத்து இதை மாற்ற முடியாது.

சிலரைக் கேட்டுப் பலரை மதிப்பிடும் இந்த அறிவியலில் நாம் முன்னோடிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கி, வங்காளத்துச் சணல் விளைச்சலை மாதிரி ஆய்வால் மதிப்பிட்டார். எந்த நிலத்தை அளப்பது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும். ‘என் வயலைப் பாருங்கள்’ என்று வருகிறவர் தீர்மானிக்க முடியாது. இன்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், இணையத்தில் படிவம் போட்டால் இலவசமாக வந்துவிடுமே என்கிறார்கள். இலவசமாக வருவது அடுப்படிக்கு வந்த இரண்டு பேரின் கருத்துதான். மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் நம்முடையது. அளப்பதற்கும் செலவு செய்ய வேண்டும் என்று இங்கிருந்து கேட்க எனக்குத் தயக்கமில்லை.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை ஏதாவது இரண்டாம் பாகம் வரும்போது, நாலு தோழிகளோடு காரைக்குடியில் தியேட்டர் வாசலில் துண்டுச் சீட்டோடு நில்லுங்கள். வெளியே வருகிறவர்களில் ஒவ்வொரு பத்தாவது ஆளையும் கேளுங்கள், அவர் யாராக இருந்தாலும் சரி. தானாக வந்து பேசுகிறவரை எழுதாதீர்கள். பத்தாவது ஆள் பைக்கை எடுக்க அவசரமாக ஓடுகிறவராக இருந்தால், பின்னாலேயே போய் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.