கையில் ஓட்டிப் பார்த்தது சோதனைக் கணக்கில் சேராது

தை பிறந்து சம்பா நெல் வந்து குவியத் தொடங்கினால் எனக்கு இந்த மாதிரி போன் வருவதும் தொடங்கிவிடும். இந்த வருடம் கூப்பிட்டவர் ஒரு நெல் வியாபாரி. கும்பகோணத்தில் தலைமை அலுவலகம். மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டையில் கிளைகள். கிளைக்கு ஒரு லினக்ஸ் கணினி. தினம் ராத்திரி கும்பகோணத்து சர்வரிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு), எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் கருவி) வழியாக ஒவ்வொரு கிளைக்குள்ளும் நுழைந்து, அன்றைய எடைச்சீட்டு, பில், பட்டுவாடா கணக்கையெல்லாம் எடுத்து வர வேண்டும். பட்டுக்கோட்டையில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. "பேக்கப்தான் இருக்கே, போட்டுக் குடுங்க தம்பி" என்றார் முதலாளி, பதற்றமே இல்லாமல். போய்ப் பார்த்தால் பல மாதமாக மன்னார்குடி கணக்கு மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. மற்ற மூன்று ஊருக்கும் ஒரு கோப்புகூட இல்லை.

ஸ்கிரிப்ட் எழுதிய பையனைக் கேட்டேன். "கையில ஓட்டிப் பாத்தேன் சார், நல்லா ஓடுச்சு" என்றான்.

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இதே பதில்தான். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

அவன் ஸ்கிரிப்டில் நடந்தது இதுதான். கிளைகளின் பெயர்கள் ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக இருக்கின்றன. ஒரு வைல் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி), ரீட் கட்டளையால் ஒவ்வொரு பெயராக வாங்கி எஸ்எஸ்எச்சைக் கூப்பிடுகிறது. எஸ்எஸ்எச்சின் வழக்கம் என்ன? தன் உள்ளீட்டில் எது வந்தாலும் வாங்கி அந்தப் பக்கத்துக் கணினிக்கு அனுப்பும். லூப்புக்கு வரும் உள்ளீடும் அதே கோப்புதான். முதல் பெயரை ரீட் வாங்கியது. மிச்சம் மூன்று பெயரையும் எஸ்எஸ்எச் வாரிக்கொண்டு மன்னார்குடிக்கு அனுப்பிவிட்டது. திரும்பி வந்து பார்த்த லூப்புக்குப் படிக்க ஒன்றுமில்லை; அமைதியாக முடிந்துவிட்டது. பிழைச் செய்தி கிடையாது. வெளியேறும் குறியீடு 0, அதாவது எல்லாம் சுபம். எஸ்எஸ்எச்சுக்கு மைனஸ் என் என்று ஒரு ஆப்ஷன் கொடுத்திருந்தால் அது உள்ளீட்டைத் தொட்டிருக்காது. பையன் சோதித்தபோது கோப்பில் ஒரே ஒரு பெயர்தான் வைத்திருந்தான். இரண்டு பெயர் வைத்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

சரி, கையில் ஓட்டிப் பார்ப்பதில் என்னதான் தப்பு என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், இங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். நீங்கள் கையில் ஓட்டும்போது உங்களிடம் ஒரு டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கும் திரை, இருக்கிறது. காலையில் சாவியின் (கடவுச்சொல்லுக்குப் பதில் நுழைய உதவும் ரகசியக் கோப்பு) கடவுச்சொற்றொடரை ஒருமுறை அடித்தீர்கள், எஸ்எஸ்எச் ஏஜென்ட் திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கிளைக் கணினிக்கு முன்னொரு நாள் போனபோது அதை நம்பலாமா என்ற கேள்விக்கு "எஸ்" (ஆம்) அடித்தீர்கள், அதன் ஹோஸ்ட் கீ (அந்தக் கணினியின் அடையாளக் குறி) தெரிந்த கணினிகளின் பட்டியலான உங்கள் நோன்ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான உங்கள் பாத் மாறியில் பத்து இடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, திரையில் வேறு கேள்வி வந்தால் படித்துப் பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். ராத்திரி கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் சேவை) அதே ஸ்கிரிப்டை எடுக்கும்போது இதில் ஒன்றுகூட இல்லை. டெர்மினல் இல்லை, ஏஜென்ட் இல்லை, பாத் பெரும்பாலும் இரண்டே இடம், பயனர் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) இருந்தால் நோன்ஹோஸ்ட்ஸ் கோப்பும் வேறு. சித்திரையில் காய்ந்து கிடக்கிற வாய்க்காலைப் பார்த்துவிட்டு மதகு கசியவில்லை என்று எழுதிக் கொடுப்பது மாதிரிதான் இந்தச் சோதனை.

தொலைவிலிருந்து நுழையும் கருவிகள் பெரும்பாலும் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து எழுதப்பட்டவை. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட ஒரு தாக்குதலுக்குப் பிறகு, 1995இல் டாட்டு யூலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். கடவுச்சொல்லை எக்கோ கட்டளையால் எழுதி, பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக்கும் இணைப்பு) வழியே தள்ளினால் அது வாங்காது. நேரே டெர்மினலைத் திறந்து அங்கேதான் கேட்கும். அதனால்தான் நம் ஆட்கள் எக்ஸ்பெக்டுக்குப் போகிறார்கள். 1990இல் டான் லைப்ஸ் எழுதிய அருமையான கருவி. ஒரு போலி டெர்மினலை உண்டாக்கி, மனிதன் அடிப்பது போலவே அடிக்கும்.

எக்ஸ்பெக்டைக் குறை சொல்ல மாட்டேன். அதை எழுதும் விதத்தைத்தான் சொல்கிறேன். "பாஸ்வேர்ட் என்று வந்தால் இதை அனுப்பு" என்று இரண்டு வரி. எக்ஸ்பெக்டின் இயல்பான காத்திருப்பு 10 வினாடி. அதற்குள் அந்தச் சொல் வராவிட்டால் என்ன செய்யும்? நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. அடுத்த வரிக்குப் போய்க் கடவுச்சொல்லை அனுப்பிவிடும். ஐப்பசி மழையில் நம் ஊர் லைன் திணறுகிற நாளில் 10 வினாடி ஒரு பொருட்டா? அதைவிட மோசம் ஒன்று உண்டு. யாரோ அந்தக் கணினியில் சாவி வழி நுழைவைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல் கேட்காமலேயே ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) திறந்துவிடுகிறது. 10 வினாடி கழித்து எக்ஸ்பெக்ட் கடவுச்சொல்லை அந்த ஷெல்லில் அடித்து என்டர் தட்டுகிறது. "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வருகிறது. அடித்த கட்டளைகளையெல்லாம் பதிந்து வைக்கும் பேஷ் ஹிஸ்டரி கோப்பில் ரூட்டின் கடவுச்சொல் பட்டவர்த்தனமாகப் பதிந்துவிடுகிறது. ஒரு கிளைக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒன்று விட்டு ஒரு வரி கடவுச்சொல்தான்.

ஆகவே எக்ஸ்பெக்ட் எழுதினால், ஒவ்வொரு எதிர்பார்ப்பிலும் டைம்அவுட்டுக்கும் (காத்திருப்பு நேரம் கடந்ததற்கும்) இணைப்பு அறுந்ததற்கும் தனி வழி போட்டு, அங்கே பூச்சியமல்லாத குறியீட்டோடு வெளியேறுங்கள். முடிவில் வெயிட் கட்டளை கொடுத்து எஸ்எஸ்எச்சின் குறியீட்டை வாங்கி அதையே திருப்பிக் கொடுங்கள். ரூட்டர், ஸ்விட்ச் மாதிரி வேறு வழியே இல்லாத கருவிகளுக்கு மட்டும் எக்ஸ்பெக்ட் போதும். லினக்ஸ் கணினி என்றால் சாவிதான். கடவுச்சொற்றொடர் இல்லாத சாவி ஆபத்தாச்சே என்று பயப்படுகிறீர்களா? பயம் நியாயமானது. அதற்காகத்தான், எந்தச் சாவிகளை ஏற்கலாம் என்று கிளைக் கணினியில் பட்டியலிடும் ஆதரைஸ்ட் கீஸ் கோப்பில் அந்தச் சாவிக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்ட் என்று போட்டு, ஓடவேண்டிய ஒரே கட்டளையையும் அங்கேயே எழுதி வைக்கும் வசதி இருக்கிறது. அந்தச் சாவி திருடு போனாலும் பேக்கப் கட்டளையைத் தவிர வேறெதையும் ஓட்ட முடியாது.

அப்புறம், ஹோஸ்ட் கீ சரிபார்ப்பை அணைத்துவிட்டு நோன்ஹோஸ்ட்ஸ் கோப்பை டெவ் நல்லுக்கு (எதைப் போட்டாலும் மறைந்துவிடும் இடம்) திருப்பி விடும் அந்தப் பழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். கதவைத் திறப்பது யார் என்று பார்க்காமலே கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுகிறீர்கள். 2017இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் (பரவலாகப் புழங்கும் எஸ்எஸ்எச் மென்பொருள்) 7.6 முதல் அந்தச் சரிபார்ப்புக்கு அக்செப்ட்-நியூ என்ற மதிப்பு இருக்கிறது: புதிய கணினியை ஏற்கும், கீ மாறிய கணினியை மறுக்கும். அந்த மறுப்பு உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

எப்படிச் சோதிப்பது? உடைத்துப் பார்த்துத்தான். உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு கன்டெய்னரில் (தனியாகப் பிரித்த குட்டிக் கணினிச் சூழல்) எஸ்எஸ்எச் சர்வரை 2222 போர்ட்டில் ஏற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். சர்வரை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். உடனே மறுப்பு வரும். ஃபயர்வாலில் டிராப் (பதில் சொல்லாமல் கைவிடும் விதி) போட்டு ஓட்டுங்கள்; மறுப்பே வராது, கனெக்ட்டைம்அவுட் (இணைப்புக்கான காத்திருப்பு வரம்பு) கொடுக்காத ஸ்கிரிப்ட் நிமிடக்கணக்கில் தொங்கும். கன்டெய்னரை அழித்துப் புதிய ஹோஸ்ட் கீயோடு உருவாக்குங்கள்; பழைய கீயோடு பொருந்தாது. பயனரின் கடவுச்சொல்லைக் காலாவதியாக்குங்கள்; புதியது கேட்டு நிற்கும். அந்தப் பக்கம் தரவை எடுத்துத் தரும் டம்ப் கட்டளையே தோற்கட்டும். ஒவ்வொன்றிலும் ஸ்கிரிப்ட் என்ன குறியீட்டோடு வெளியேறியது, யாருக்காவது தகவல் போனதா என்று பாருங்கள். எஸ்எஸ்எச் தானே தோற்றால் 255 தரும். இல்லாவிட்டால் அந்தப் பக்கக் கட்டளையின் குறியீட்டை அப்படியே தரும். ஆனால் அதை ஜிசிப்புக்கு (கோப்பைச் சுருக்கும் கருவி) பைப் செய்தால் உங்களுக்குக் கிடைப்பது ஜிசிப்பின் குறியீடு. பைப்ஃபெயில் (பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்றே சொல்ல வைக்கும் அமைப்பு) போடாத ஒரு நகைக்கடை சர்வரில் தேதி வாரியாக அழகாக அடுக்கியிருந்த பேக்கப் கோப்புகள் எல்லாம் 20 பைட். ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் ஜிசிப் தருவது அந்த 20 பைட்தான்.

கடைசியாக கிரானின் நிலைமையிலேயே ஓட்டுங்கள். எல்லா மாறிகளையும் துடைக்க என்வ் மைனஸ் ஐ, டெர்மினலைப் பிரிக்க செட்சிட், எஸ்எஸ்எச்சுக்கு பேட்ச்மோட் எஸ். கேள்வி கேட்டு நிற்பதற்குப் பதிலாக அது அங்கேயே தோற்கும். அதுதான் வேண்டும்.

இதையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலக சர்வரில் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஃபெயில்2பேன் (தவறான நுழைவு முயற்சிகளைக் கண்டு தடுக்கும் கருவி) போட்டிருந்தால், மாற்றாத அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தடவை தவறினால் அந்த முகவரியையே தடுத்துவிடும். கிளை முழுக்க ஒரே பொது முகவரியில் வெளியே போகிறது. எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது பில் போட முடியாமல் போனால் திட்டு வாங்குவது கவுன்ட்டரில் இருக்கும் பெண்கள்தான்.

முதலாளிகளுக்கும் ஒன்று. "பேக்கப் ஓடுதா?" என்று கேட்காதீர்கள், ஓடுது என்றுதான் பதில் வரும். "போன செவ்வாய்க்கிழமை திருவாரூர் பில் ஒன்றை இப்பவே எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். அப்புறம், உங்கள் கிளை இருக்கும் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் முன்னாலேயே அறிவிக்கப்படும். அன்றைக்குப் பகலில், அங்கே கணினி அணைந்திருக்கும்போது ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லுங்கள். சாப்பாட்டு வேளைக்குள் உங்கள் போனுக்கு "திருவாரூர் தோல்வி" என்று ஒரு செய்தி வராவிட்டால், எழுதியவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.