திக்கல் காதில் விழும், தவிர்ப்பது விழாது

திக்கிப் பேசுபவரிடம் நம் காதில் விழுவது கொஞ்சம்தான். ஓர் ஓசை திரும்பத் திரும்ப வரும், அல்லது இழுபடும், அல்லது உதடு மூடியபடி சத்தமே வராமல் அடைத்து நிற்கும். அன்றாடத்தை அரிப்பது, இவை வந்துவிடாமலிருக்க அவர் ஓயாமல் செய்யும் வேலை.

‘பணம்’ அடைக்கும் என்று தெரிந்தால் வாய் திறப்பதற்குள் ‘காசு’ என்று மாற்றிக்கொள்வார். அதுவும் சிக்கினால் வாக்கியத்தையே சுற்றி வளைப்பார். கடையில் வேண்டியதை விட்டுவிட்டு, வாயில் வருவதைக் கேட்டு வாங்கி வருவார். வகுப்பில் விடை தெரிந்தும் தெரியாது என்பார். இதில் கைதேர்ந்தவர்களுக்குத் திக்கல் இருப்பதே உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரியாது. சொந்தப் பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. அதனால் பலர் நேர்காணலின் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். போன் இன்னும் மோசம்: அந்த மௌனத்தைக் கேட்டு, லைன் கட்டாகிவிட்டதென்று எதிர்முனையில் வைத்துவிடுவார்கள்.

பயமோ கூச்சமோ திக்கலுக்குக் காரணமல்ல. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பரம்பரைக்கும், பேச்சசைவுகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்துக்கும் இதில் பங்குண்டு. பதற்றம் அதைக் கூட்டும், உண்டாக்காது. பாடும்போது திக்கல் வராததைப் பார்த்து ‘நடிக்கிறான்’ என்பது அநியாயம், பலருக்கு அப்படித்தான். பெரியவருக்குத் திடீரெனத் திக்கலோ குழறலோ வந்தால் அது வேறு கதை. பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் 6 மாதம் தாண்டியும் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, சொல்லும்போது கண்ணை இறுக்கி மூடினாலோ, பேசுவதையே தவிர்த்தாலோ பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டிவிடுங்கள்.

‘மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு’ என்பது நல்லெண்ணத்தில் வரும் கெட்ட யோசனை. முதலில் பலிப்பது போலிருக்கும். நாளடைவில் அந்த மூச்சிழுப்பும் திக்கலோடு ஒட்டிக்கொள்ளலாம். குழந்தையை மெதுவாகப் பேசச் சொல்வதற்குப் பதில் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அது முடித்தபின் ஓரிரு விநாடி விட்டுப் பதில் சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். சொல்லை நீங்களே முடித்துக் கொடுக்காதீர்கள். ஊகம் தப்பினால் அதை மறுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியது அந்தக் குழந்தைதான்.

பெரியவர்களுக்கான சிகிச்சையில் ஒரு பயிற்சி விசித்திரமாகத் தோன்றும்: வேண்டுமென்றே திக்குவது. சிக்காத ஒரு சொல்லை, முதலில் சிகிச்சையாளரிடமும் பிறகு தெரியாத ஒருவரிடமும், கண்ணைப் பார்த்தபடியே திக்கிச் சொல்ல வேண்டும். மறைக்க ஏதுமில்லை என்றானபின், ‘பணம்’ என்று சொல்ல நினைத்தவர் ‘பணம்’ என்றே சொல்லத் தொடங்குவார், திக்கினாலும்.