‘ரா ககாவோ’: பச்சையா, வறுக்காததா?

‘ரா ககாவோ’ (raw cacao) என்று எழுதிய பொட்டலமும் ‘கொக்கோ பவுடர்’ என்று எழுதிய பொட்டலமும் ஒரே மரத்தின் விதையிலிருந்துதான் வருகின்றன. மரத்தின் அறிவியல் பெயர் தியோபுரோமா ககாவோ. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் இது. தியோபுரோமா என்றால் கிரேக்கத்தில் தெய்வங்களின் உணவு. பின்னால் வரும் ககாவோதான் மரம் வளர்ந்த மண்ணின் சொல்.

அந்தச் சொல்லுக்கு வயது அதிகம். மெக்சிகோ வளைகுடாக் கரையில், மாயர்களுக்கும் முந்தைய ஓல்மெக் நாகரிகக் காலத்தில் வழங்கிய மிஹே-சோக்கே மொழிகளில் அது ‘ககாவா’ என்று இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள் மொழியியலாளர்கள். மாயர்கள் அதைக் ‘ககாவ்’ என்று மீன் வடிவக் குறிகளால் எழுதினார்கள். குவாத்தமாலாவின் ரியோ அசூலில் 1984இல் கிடைத்த 5ஆம் நூற்றாண்டு மண்சாடி ஒன்றில் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது. திருகி மூடும் மூடியோடு கூடிய சாடி அது. உள்ளே ஒட்டியிருந்த படிவைச் சோதித்தபோது கொக்கோவில் இருக்கும் வேதிப்பொருள்களான தியோபுரோமினும் காஃபினும் தெரிந்தன. எழுதியிருந்த சொல்லுக்கு உள்ளே இருந்த பொருளே சாட்சி சொன்னது! மரத்தைப் பயன்படுத்திய பழக்கம் இதைவிடவும் பழையது. எக்வடாரின் சாந்தா அனா-லா புளோரிடாவில் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய பாத்திரங்களில் அதன் தடயம் கிடைத்திருக்கிறது.

மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகளின் நஹுவாத்ல் மொழியில் இது ‘ககாவாத்ல்’. விதை நாணயமாகவும் புழங்கியது. மெக்சிகோவின் திலாக்ஸ்காலா நகரத்து 1545ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் ஒரு பெட்டை வான்கோழிக்கு 100 நல்ல விதைகள், பெரிய தக்காளி ஒன்றுக்கு 1 விதை. ஸ்பானியர்கள் எடுத்துச்சென்ற ‘ககாவோ’ ஆங்கிலத்தில் தேங்காயைக் குறிக்கும் ‘கோகோ’வோடு குழம்பி ‘கொக்கோ’ ஆயிற்று. தமிழுக்கு வந்தது இந்தக் குழம்பிய வடிவம்தான். ‘கோக்கா’ என்பது முற்றிலும் வேறு செடி, கொக்கெயின் அதிலிருந்து எடுப்பது. அதற்கும் இதற்கும் உறவே இல்லை.

சாக்லேட் என்ற சொல்தான் சிக்கல். ‘ஷோக்கோ’ என்றால் கசப்பு, ‘ஆத்ல்’ என்றால் நீர், சேர்ந்தால் கசப்பு நீர் என்று எங்கும் சொல்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ‘ஷோக்கோக்’ என்றால் நஹுவாத்லில் புளிப்பு, கசப்பு அல்ல. ஸ்பானியத் துறவி மொலினாவின் 1571ஆம் ஆண்டு நஹுவாத்ல் அகராதியில் ககாவாத்ல் உண்டு, ‘சோக்கோலாத்ல்’ இல்லை. பானத்தை நுரைக்கக் கடையும் குச்சியின் பெயரிலிருந்து ‘சிக்கோலாத்ல்’ என்று ஒரு வடிவம் தோன்றி, அதுவே திரிந்தது என்பது இன்னொரு கருத்து. அது இதைவிடப் பொருத்தமாகத் தெரிகிறது, ஆனாலும் முடிந்த முடிவல்ல. ஒன்று உறுதி: சாக்லேட் என்ற சொல் அதன் வரலாற்றின் பெரும்பகுதியில் பானத்தையே குறித்தது. 1828இல் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் விதையிலிருந்து கொழுப்பைப் பிழியும் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1847இல் இங்கிலாந்தில் பிரிஸ்டலின் ஃபிரை நிறுவனம் கடித்துத் தின்னும் கட்டியை வார்த்தது. நாம் இன்று சாக்லேட் என்று சொல்வது இதற்கு அப்புறம் வந்த பொருள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சாக்லேட்டுக்குக் ‘காவிக்கண்டு’ என்ற ஆக்கச்சொல் புழக்கத்தில் உண்டு. காவி நிறம், கற்கண்டில் வரும் கண்டு, அழகான சேர்க்கைதான். ஆனால் பானத்துக்கும் வெள்ளைச் சாக்லேட்டுக்கும் அது பொருந்தாது. கட்டிக்குக் காவிக்கண்டு என்று எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம். மரத்துக்கும் விதைக்கும் பொடிக்கும் ‘கொக்கோ’ போதும். மூலச்சொல்லே கடல் கடந்து வந்தது, அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இல்லை.

நாம் கவனமாக இருக்க வேண்டியது ‘ரா’ என்ற அடைமொழியில். நேராகப் பெயர்த்தால் பச்சைக் கொக்கோ. பச்சைக் காய்கறி என்பதுபோலப் பறித்ததும் தின்னக்கூடிய ஒன்று அந்தப் பொடி என்று தோன்றும். நடப்பது வேறு. பழத்தை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளைக் குவித்து 5 முதல் 7 நாள் வரை புளிக்கவிடுகிறார்கள். ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் வேலை செய்யும்போது குவியலின் சூடு 45 டிகிரி செல்சியஸையும் தாண்டும். விதையின் முளை சாவது இங்கேதான், சாக்லேட் மணத்துக்கான மூலப்பொருள்கள் உருவாவதும் இங்கேதான். பிறகு உலர்த்துகிறார்கள். பெரும்பாலும் ‘ரா’ என்று விற்பதும் இத்தனையையும் கடந்ததுதான். அதில் விடுபடுவது 120 டிகிரிக்கு மேல் வறுக்கும் கட்டம் மட்டும். ஆகவே சரியான தமிழ் ‘வறுக்காத கொக்கோ’. பொட்டலத்தில் இருக்கும் சொல்லைவிட இது உண்மைக்கு நெருக்கமானது.

வறுக்காததால் நன்மை கூடுமா? கொக்கோவின் பெயர்பெற்ற சத்து ஃபிளவனால்கள், அவற்றில் முக்கியமானது எபிகேட்டிகின். இவை இரத்தக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கத் துணைசெய்து குழாயை இளக்குகின்றன. நாளுக்கு 200 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனால் குழாய்களின் நெகிழ்வைப் பேண உதவும் என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றது. அமெரிக்காவில் 21,442 பேரிடம் நடந்த காஸ்மோஸ் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. தினம் 500 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனால் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்த இதய நிகழ்வுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இதயநோய் மரணம் மட்டும் 27 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது சாக்லேட் அல்ல, செறிவூட்டிய சாறு அடைத்த மாத்திரை. இதை வைத்து ‘சாக்லேட் இதயத்துக்கு நல்லது’ என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

வறுத்தல் ஃபிளவனாலைக் கொஞ்சம் குறைக்கும், புளித்தலும் குறைக்கும். மிக அதிகமாகக் குறைப்பது காரம் (ஆல்கலி என்னும் வேதிப்பொருள்) சேர்த்துக் கருமையாக்கும் டச்சு முறை. எனவே வறுத்ததா இல்லையா என்பதைவிட, பொருள்பட்டியலில் காரம் சேர்த்ததாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். வறுப்பதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. திறந்தவெளியில் புளித்துக் காயும் விதையில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி ஒட்டலாம், அதைக் கொல்வது அந்தச் சூடு. வறுக்காததை வாங்குகிறவர்கள் வேறு வழியில் கிருமிநீக்கம் செய்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்க வேண்டும். கொக்கோவில் ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அளவு தேவை. சில மண்ணில் வளர்ந்த விதையில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் ஏறும். வீட்டில் நாய் இருந்தால் பொடி டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள், தியோபுரோமின் அதற்கு நஞ்சு, அதன் உடல் அதை மிக மெதுவாகவே வெளியேற்றும்.