குண்டு வெளியேறும் முன்பே தொடங்கும் உதைப்பு

அமெரிக்காவின் அயோவா, இல்லினாய், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் மான் வேட்டைக்கு ரைஃபிள் எடுத்துப்போக வெகுகாலம் அனுமதி இல்லை. தட்டையான நிலம், அங்கங்கே குடியிருப்புகள். குறி தப்பிய ரைஃபிள் குண்டு வெகுதூரம் போய்விடுமே என்ற பயம். அதனால் வேட்டைக்காரர்கள் ஷாட்கன்னில், வழக்கமாக ஒரே வெடியில் சிதறும் பல சிறு பால்ரஸ் குண்டுகளுக்குப் பதிலாக, ஒரே ஒரு பெரிய ஈயக் குண்டைப் போட்டுச் சுட்டார்கள். அதற்குப் பெயர் ஸ்லக். வேட்டைக் காலத்துக்கு முன் சுடுதளத்துக்குப் போய், குண்டு எங்கே படுகிறது, தோளில் எவ்வளவு உதைக்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது என்பதுதான் இதிலுள்ள அழகான இயற்பியல்.

12 கேஜ் (குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கிக்கான வழக்கமான ஸ்லக்கின் எடை 28 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 490 மீட்டர். அது முன்னே கொண்டுபோகும் உந்தம் முழுவதும், கூடவே சீறிப்பாயும் வாயுவின் உந்தமும், துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளும். 3.2 கிலோ துப்பாக்கி என்றால் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும். ஆற்றலாகச் சொன்னால் ஏறக்குறைய 40 ஜூல். மான் வேட்டைக்கான பல ரைஃபிள்கள் இதைவிட மென்மையாகத்தான் உதைக்கும்.

சரி, இந்த உதைப்பு எப்போது தொடங்குகிறது? குண்டு நகரத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே. 60 சென்டிமீட்டர் குழலை அது கடந்து முடிப்பதற்குள் துப்பாக்கி 5 மில்லிமீட்டர் அளவுக்குப் பின்வாங்கிவிடும். குழல் தோளைவிடச் சற்று மேலே இருப்பதால், பின்வாங்கும்போதே குழலின் முனையும் மேலே எழும்பத் தொடங்கிவிடும். ஆகவே இறுக்கிப் பிடித்துச் சுட்டால் ஓரிடம், தளர்வாகப் பிடித்தால் வேறோர் இடம் என்று குண்டு படும் புள்ளி மாறலாம். ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டித் தோட்டா, ஆனால் இரண்டு பேர் சுட்டால் இரண்டு முடிவு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குண்டின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. வழவழப்பான ஷாட்கன் குழலில் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் கிடையாது. சுழலாத குண்டு பறக்கும்போது தடுமாறிப் புரளலாம். 1898இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ப்ரென்னெக்கேயும், 1931இல் அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டரும் இதற்கு வழி கண்டார்கள். ஃபாஸ்டரின் ஸ்லக் பின்புறம் குடைவானது. எடை முழுக்க முன்பக்கம். அதனால் இறகுப்பந்து மாதிரி தலை முன்னே நிற்கப் பறக்கும். அதன் பக்கவாட்டில் உள்ள சாய்ந்த வரிகள் குண்டைச் சுழற்றுவதற்காக என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அவற்றின் முக்கிய வேலை, குழல் முனையின் குறுகலான பகுதியில் ஈயம் நசுங்கிப் போக இடம் கொடுப்பது. நிஜமாகவே சுழற்ற வேண்டுமென்றால் வரிப்பள்ளக் குழலும், பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சபாட் ஸ்லக்கும் வேண்டும்.

சோதனையில் துப்பாக்கியை மேசையில் மணல் மூட்டை மேல் வைத்து 50 கெஜத்தில் சுடுவது வழக்கம். மூன்று குண்டுகள் நெருக்கமாக விழுந்ததும் திருப்தியோடு கிளம்பிவிடுகிறவர்கள் ஏராளம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதே துப்பாக்கியில் ஐந்து குண்டு சுட்டால் பரவல், அதாவது குண்டு பட்ட புள்ளிகளுக்கு இடையிலான அதிகபட்சத் தூரம், சராசரியாகக் கால் பங்கு கூடும். பத்து சுட்டால் ஒன்றரை மடங்கைத் தாண்டும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, முதல் மூன்று குண்டுகள் முழு உண்மையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மேசையில் குனிந்து உட்கார்ந்தால் உடம்பு பின்னால் சாய வழியில்லை. உதைப்பு முழுவதும் தோளிலேயே இறங்கும். நாலைந்து வெடிக்குப் பிறகு கண் தானாக மூடும், விசையை இழுக்கும் முன்பே தோள் முன்னே தள்ளும். இதைக் கண்டுபிடிக்க நண்பர் ஒருவரிடம் தோட்டா நிரப்பும் வேலையைக் கொடுக்கலாம். நடுவே அவர் ஒரு போலித் தோட்டாவைச் சேர்த்துவிடுவார். வெடிக்காத அந்த ஒரு முறை குழல் முனை ஆடினால், பரவலுக்குக் காரணம் ஸ்லக் மட்டுமல்ல. அப்புறம் ரப்பர் மெத்தையைப் பின்கட்டையில் பொருத்தி மறுபடி சுடலாம். மெத்தை உந்தத்தைக் குறைக்காது, அது தோளுக்கு வந்துசேரும் நேரத்தை நீட்டும். அதனால் உச்ச விசை குறையும். கடைசியில், வேட்டையில் எப்படி நின்று சுடுவார்களோ அப்படியே நின்றும் சில குண்டுகள் சுட்டு, மேசையில் கிடைத்த புள்ளியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.