மயக்கம் கொடுத்துத் தோளை விடுவிக்கிறோம், அதற்கப்புறம்?

சென்னிமலைப் பக்கமிருந்து 52 வயது அம்மா ஒருவர் வந்தார். தறியில் பெட்ஷீட் நெய்கிறவர். "பொறகால கையைக் கொண்டு போகவே முடியறதில்லீங்க டாக்டர். கொண்டை போட்டு விடக்கூட மகதான் வரணுமுங்க" என்றார். இடது தோளில் எட்டு மாத வலி. இடையில் யாரோ தைலம் போட்டு உருவிவிட்டு, கையை வெடுக்கென்று மேலே தூக்கியிருக்கிறார். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. தயவுசெய்து யாரும் இதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வலது கை கதவு மாதிரித் திறந்தது. இடது கை நேராகவே நின்றது; நான் திருப்பியும் அசையவில்லை. நீங்களாகத் தூக்க முடியாமல், அடுத்தவர் தூக்கினால் கை மேலே வருகிறது என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். யார் தூக்கினாலும் வராமல், எக்ஸ்ரேயில் மூட்டும் நன்றாக இருந்தால் அது ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். தோள் வலிக்கு வந்து, சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரிந்தவர்கள் உண்டு.

பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை, பயிற்சி, மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போதும். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும், அதைக் கவனிக்க வேண்டும்.

மாதக்கணக்கில் இப்படிப் பார்த்தும் பிடி விடாதவர்களுக்குத்தான் மயக்கத்தில் அசைத்து விடுவது. தசைகள் முழுதாகத் தளர்ந்த பிறகு, தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மேல்கையை மூட்டுக்குப் பக்கத்திலேயே பற்றி மெதுவாக உயர்த்துவோம். தள்ளிப் பிடித்தால் நெம்புகோல் மாதிரி விசை கூடி எலும்பு உடையலாம். பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கையிலேயே தெரியும். சுருங்கிய உறை விடுகிறது. சில நிமிட வேலைதான். ஆனாலும் எலும்பு முறிவு, மூட்டு விலகல், நரம்புக் காயம் அரிதாக நேரும். எலும்பு வலுவிழந்து மெலிந்தவர்களுக்கு நான் செய்வதில்லை.

பிரிட்டனில் 503 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் லான்செட்டில் வந்தது. ஊசியோடு முறையான பிசியோதெரபி, மயக்கத்தில் அசைப்பது, துளைவழி அறுவை சிகிச்சை ஆகிய மூன்றில் எதுவும் ஒரு வருட முடிவில் மற்றதைவிடத் தெளிவாக மேலாக இல்லை. அதனால்தான் நான் அவசரப்படுவதில்லை.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் மயக்கத்தில் அசைத்து விட்டோம். அன்று சாயங்காலமே பயிற்சி ஆரம்பித்தாயிற்று. சும்மா விட்டால் உறை மறுபடி இறுகிவிடும். மூன்றாம் நாள் போன் செய்தார்.

"ரொம்ப வலிக்குதுங்க, ரெண்டு நாள் விட்டுட்டுப் பண்ணட்டுங்களா?"

"வேண்டாமுங்கம்மா. மாத்திரை போட்டு அரை மணி கழிச்சுப் பண்ணுங்க. இன்னைக்கும் பண்ணுங்க."